ஜெராக்ஸில் வந்த நிலவறைகள்: எங்கள் நாகர்கோவில் பகடைக் குழு இதழ் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தொண்ணூறுகளின் நடுவில் நாகர்கோவிலில் ஏழெட்டுப் பேர் சேர்ந்து ஒரு கையெழுத்து இதழ் நடத்தினோம். மிச்சமிருந்த பிரதிகளைப் போன வருடம் ஸ்கேன் செய்து, கேட்டவர்களுக்கு அனுப்ப ஆரம்பித்தேன். அன்றிலிருந்து ஒரே மாதிரிக் கேள்விகள். வாட்ஸ்அப்பில் ஆளுக்கொரு பதில் தட்டி விரல் தேய்ந்துவிட்டதால் எல்லாவற்றையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

முதலில், இது என்ன இதழ்?

டேபிள்டாப் ரோல்பிளேயிங் ஆடியவர்கள் தங்களுக்காகவே போட்டுக்கொண்ட இதழ். பதினாறு பக்கம், ஏ4 தாளை இரண்டாக மடித்த அளவு. மூன்று மாதத்துக்கு ஒன்று வரும் என்று முதல் இதழில் அறிவித்தோம். அந்த வாக்கை ஒரு தடவைகூடக் காப்பாற்றவில்லை. மொத்தம் பதினோரு இதழ்.

உள்ளே விதி விளக்கம், நிலவறை வரைபடம், ஜந்துக்கள் பட்டியல், சிறுகதை, வாசகர் கடிதம் எல்லாம் இருக்கும். இப்போது திரும்பப் படித்தால் சிறுகதைகள் சகிக்கவில்லை. என்னுடையவை உட்பட. வரைபடங்களும் கடிதங்களும் மட்டும் அப்படியே நிற்கின்றன. கடிதப் பகுதியில்தான் சண்டை நடக்கும் என்பதால் எல்லோரும் இதழைப் பின்பக்கத்திலிருந்து படிப்பார்கள்.

ரோல்பிளேயிங் என்றால் என்ன? எனக்கு லூடோவும் கேரமும்தான் தெரியும்.

ஒருவர் நடத்துவார். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரம் எடுத்துக்கொள்வார்கள். நடத்துபவர் நிலைமையைச் சொல்லி, "நீ என்ன செய்கிறாய்?" என்று கேட்பார். நீங்கள் சொல்வது சுலபமான காரியம் என்றால் நடந்துவிடும். நடக்குமா நடக்காதா என்ற இடம் வந்தால் பகடை. பலகை கட்டாயம் இல்லை. யாரும் ஜெயிப்பதும் இல்லை, தோற்பதும் இல்லை. நாலாவது இதழில் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்தைப் பக்கத்தில் உட்கார்ந்து அப்படியே எழுதி எடுத்திருக்கிறோம்:

நடத்துபவர்: படி கீழே இறங்குகிறது. வௌவால் நாற்றம். பந்தம் பாதிதான் எரிகிறது.
கள்ளன்: நான் சுவரைத் தடவிக்கிட்டே பைய இறங்குதேன்.
வீரன்: எடே, நீ முன்னால போ. நான் பின்னால வாறேன்.
கள்ளன்: வாள் உன் கையிலல்லா இருக்கு?
வீரன்: அதுக்கு?
நடத்துபவர்: நீங்கள் பேசிக்கொண்டு நின்றதில் பந்தம் அணைந்துவிட்டது.

வில்லுப்பாட்டு கேட்டவர்களுக்கு இது சட்டென்று பிடிபடும். பாடுகிறவர் ஒரு வரி சொல்ல, பக்கத்தில் இருப்பவர் "ஆமா" போட்டால்தான் கதை நகரும். இங்கே "ஆமா" போடுகிறவர்களுக்கு "இல்ல, நான் அந்த வழியா போவல்ல" என்று சொல்லவும் உரிமை உண்டு. அவ்வளவுதான் வித்தியாசம்.

அமெரிக்க ஆட்டம் நாகர்கோவிலுக்கு எப்படி வந்தது?

சுற்றிச் சுற்றி வந்தது. ஆட்டம் பிறந்தது 1974 ஜனவரியில். விஸ்கான்சின் மாநிலத்தின் லேக் ஜெனீவாவைச் சேர்ந்த கேரி கைகாக்ஸும் மினசோட்டாக்காரரான டேவ் ஆர்னசனும் எழுதியது டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ். ஒரு பெட்டிக்குள் மூன்று சிறு புத்தகங்கள். முதல் அச்சு 1000 பிரதி. அதற்கு முன்னால் அவர்கள் ஆடியதெல்லாம் பொம்மைப் படைகளை மேசையில் நிறுத்தி ஆடும் போர் விளையாட்டு. ஒரு படையை நடத்துவதற்குப் பதில் ஒரே ஒரு ஆளாக இருந்தால் என்ன என்று யோசித்ததுதான் திருப்பம்.

எங்கள் கைக்கு முதலில் கிடைத்தது அது அல்ல. திருவனந்தபுரத்தில் ஒரு பழைய புத்தகக் கடையில் என் நண்பனின் அண்ணன் வாங்கி வந்த ஆங்கிலப் புத்தகம். ஸ்டீவ் ஜாக்சனும் இயன் லிவிங்ஸ்டனும் எழுதி 1982-இல் வெளிவந்தது. தனியாகவே ஆடலாம், ரெண்டு சாதாரணப் பகடை போதும். ஒரு பத்தியைப் படித்துவிட்டு, இடதுபக்கம் போனால் இந்த எண், வலதுபக்கம் போனால் அந்த எண் என்று தாவிக்கொண்டே போக வேண்டும். மொத்தம் 400 பத்திகள். ஜெயிக்கிற பத்தி நானூறாவது. நாங்கள் வாங்கிய பிரதியில் கடைசி நாலைந்து தாள் கிழிந்து போயிருந்தது. ஒரு வருடம் ஆடியும் யாரும் ஜெயிக்கவில்லை. எங்கள் விளையாட்டு அறிவில்தான் கோளாறு என்று நினைத்துக்கொண்டிருந்தோம்.

அப்புறம் மஸ்கட்டில் வேலை பார்த்த ஒரு மாமா, அங்கே யாரோ காலி செய்த வீட்டிலிருந்து ஒரு சிவப்புப் பெட்டியைக் கொண்டுவந்தார். டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸின் 1983 பதிப்பு. விதிப் புத்தகம் ரெண்டும் இருந்தன. பகடை மட்டும் இல்லை.

பகடை இல்லாமல் எப்படி ஆடினீர்கள்?

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி, அதனால் பதில் கொஞ்சம் நீளும்.

இந்த ஆட்டத்துக்கு 4, 6, 8, 10, 12, 20 முகங்கள் உள்ள பகடைகள் வேண்டும். ஆறு முகம் லூடோவில் இருக்கிறது. மற்றவை அன்றைக்கு எங்கள் ஊர்க் கடைகளில் கிடைக்கவில்லை. கேட்டால் கடைக்காரர் எங்களை ஒரு மாதிரி பார்த்தார்.

நாலு முகத்துக்கு வழி வீட்டிலேயே கிடந்தது. தாயக்கட்டை. நீளமான பித்தளைக் கட்டைக்கு நாலு பக்கம்: ஒன்று, இரண்டு, மூன்று, ஒரு வெறும் பக்கம். வெறும் பக்கத்தை நாலு என்று வைத்துக்கொண்டோம். கத்திக் குத்தின் சேதத்துக்கும் மந்திரவாதியின் உயிருக்கும் விதிப் புத்தகம் நாலு முகம்தான் கேட்கிறது. எட்டு முகத்துக்குத் தாயக்கட்டையோடு ஒரு ரூபாயையும் சுண்டுவோம்: தலை விழுந்தால் நாலு கூட்டு, பூ விழுந்தால் அப்படியே. பன்னிரண்டுக்கு லூடோ பகடையும் ரூபாயும். தலை விழுந்தால் ஆறு கூட்டு.

இருபது முகம்தான் திண்டாட்டம். ஒரு காலி ஃபிலிம் ரோல் டப்பாவில் 1 முதல் 10 வரை எழுதிய அட்டைச் சீட்டுகளைப் போட்டோம். ஒரு சீட்டு எடு, கூடவே லூடோ பகடையை உருட்டு. பகடையில் 4, 5, 6 வந்தால் சீட்டோடு பத்தைக் கூட்டு. கணக்குப்படி இருபது எண்ணுக்கும் சமமான வாய்ப்பு. நடைமுறையில் பத்தாம் எண் சீட்டின் ஒரு மூலை மடங்கியிருந்ததை எங்களில் ஒருவன் மூன்று மாதம் யாருக்கும் சொல்லாமல் வைத்திருந்தான். அவன் வீரன் மட்டும் சாகாமலே இருந்ததற்கு அதுதான் காரணம். ஐந்தாவது இதழில் பெயர் போடாமல் மன்னிப்புக் கடிதம் எழுதினான், கையெழுத்தைப் பார்த்து எல்லோருக்கும் தெரிந்துவிட்டது.

இந்தப் பிழைப்பெல்லாம் நம் ஊரில் மட்டும்தான் என்று ரொம்ப நாள் நினைத்திருந்தேன். 1979 வாக்கில் அமெரிக்காவிலேயே பகடைத் தட்டுப்பாடு வந்து, டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் பெட்டியில் பகடைக்குப் பதிலாக எண் அச்சிட்ட அட்டைத் துண்டுகளை வைத்து விற்றிருக்கிறார்கள். வெட்டி எடுத்து ஒரு கோப்பையில் போட்டுக் குலுக்கி எடுக்க வேண்டும். எங்கள் ஃபிலிம் டப்பாவேதான்.

முதல் இதழில் பகடைக் கணக்கு தப்பு என்கிறார்களே?

தப்புதான். எழுதியவன் நான். "மூன்று பகடை உருட்டிக் கூட்டினால் 3 முதல் 18 வரை எந்த எண்ணும் சமமாக வரும்" என்று எழுதிவிட்டேன். தக்கலையிலிருந்து ஒரு வாசகர், அப்போது பிளஸ் டூ படித்துக்கொண்டிருந்தவர், ஒரு இன்லண்ட் லெட்டரில் பொடி எழுத்தில் 216 வழிகளையும் வரிசையாக எழுதி அனுப்பினார். 18 வர ஒரே ஒரு வழி, மூன்றும் ஆறாக விழ வேண்டும். 10 வர 27 வழி, 11 வரவும் 27 வழி. பசை தடவி ஒட்டும் மடிப்பில்கூட எழுத்து இருந்தது. கடைசி வரி: "இனிமேல் எழுதும் முன் எண்ணிப் பார்க்கவும்." அந்தக் கடிதத்தை அப்படியே ஜெராக்ஸ் எடுத்து இரண்டாம் இதழின் நடுப்பக்கமாக வைத்தோம். மூன்றாம் இதழிலிருந்து விதிப் பகுதிக்கு அவர்தான் ஆசிரியர்.

எப்படி அச்சடித்தீர்கள்?

மணிமேடைக்குப் பக்கத்தில் ஒரு ஜெராக்ஸ் கடை. பதினாறு பக்கத்துக்கு நாலு தாள், இருபுறமும் எட்டு ஜெராக்ஸ். முப்பது பிரதி என்றால் 240. கடைக்கார அண்ணன் கல்லூரி நோட்ஸ் கூட்டம் இல்லாத மத்தியான நேரத்தில்தான் எங்களை உள்ளே விடுவார்.

மடித்துத் தைக்கிற இதழில் பக்கங்கள் வரிசையாக வராது. முதல் பக்கத்துக்குப் பக்கத்தில் பதினாறாம் பக்கம், அதன் பின்னால் இரண்டும் பதினைந்தும். ஒரே முகத்தில் இருக்கும் ரெண்டு பக்க எண்களைக் கூட்டினால் எப்போதும் 17 வர வேண்டும். இந்த ரகசியம் தெரியும் முன்னால் போட்ட இரண்டாம் இதழில் ஆறாம் பக்கத்திலிருந்து திறந்த கதவு பதினோராம் பக்கத்துச் சமையல் குறிப்புக்குப் போகும். (ஆமாம், சமையல் குறிப்பு. சாகசக்காரர்கள் பொதியில் என்ன கொண்டுபோவார்கள் என்ற கட்டுரை. அவலும் கருப்பட்டியும் என்று முடிவு செய்திருந்தோம்.)

முதுகில் பின் அடிக்கச் சாதாரண ஸ்டேப்ளர் நடுவரைக்கும் எட்டாது. இதழை விரித்து ஒரு ரப்பர் செருப்பின் மேல் கவிழ்த்து வைத்து, ஸ்டேப்ளரின் வாயைப் பிளந்து அழுத்துவோம். பின் செருப்பில் இறங்கும். மெதுவாகப் பிடுங்கி, நகத்தால் பின்னை மடக்க வேண்டும். ஸ்கேன்களில் நடுவில் தெரியும் துருக்கறை அதுதான்.

இன்னொன்று: வரைபடங்களை கிராஃப் தாளில் வரைந்தோம். அதன் வெளிர்நீலக் கோடு ஜெராக்ஸில் விழாது. படம் சுத்தமாக இருக்கும், கட்டங்கள் மட்டும் காணாமல் போய்விடும். ஒரு கட்டம் பத்தடி என்று கீழே எழுதியிருக்கும், கட்டமே இருக்காது. ஸ்கேல் வைத்து அளந்துகொள்ளுங்கள்.

ஒவ்வொரு இதழுக்கும் பெயர் ஏன் மாறுகிறது?

ஒத்துப்போக முடியவில்லை. யார் அட்டை வரைகிறாரோ அவர் வைப்பதுதான் பெயர் என்று கடைசியில் விட்டுவிட்டோம்.

சொற்களை எப்படித் தமிழாக்கினீர்கள்? சில புரியவில்லை.

எங்களுக்கே சில புரியவில்லை. டன்ஜன் என்பதை நிலவறை ஆக்கியது சுலபமாக முடிந்தது. ஹிட் பாயிண்ட் உயிர்ப்புள்ளி ஆனது. ஆட்டத்தில் யாரும் அப்படிச் சொல்லவில்லை, "உனக்கு உயிரு எத்தன மிச்சம்?" என்றுதான் கேட்பார்கள். மான்ஸ்டருக்கு முதலில் பூதம் என்று போட்டோம். எங்கள் ஊரில் பூதத்தானுக்குக் கோயில் உண்டு, விளக்கு வைக்கிறார்கள், அதனால் இரண்டாம் இதழிலேயே ஜந்து என்று மாற்றிவிட்டோம். சேவிங் த்ரோ என்பதற்குத் தப்பித்தல், உருட்டுதல் ரெண்டையும் சேர்த்துத் "தப்புருட்டு" என்று ஒரு சொல் செய்தேன். "நான் உருட்டுனது தப்பா?" என்று எல்லோரும் கேட்க ஆரம்பித்ததில் அதுவும் போனது. திருடனை அச்சில் திருடன் என்றும் ஆட்டத்தில் கள்ளன் என்றும் சொல்வோம், நாலாம் இதழிலிருந்து அச்சிலும் கள்ளன்தான். கூர்காதுள்ள மாயக் குலத்தவரான எல்ஃபைத் தொடவில்லை.

நன்றாக அமைந்த ஒரே சொல் அண்ணாவி. ஆட்டத்தை நடத்துபவருக்கு அந்தப் பெயர். கூத்தை ஆட்டுவிக்கிறவரை அப்படித்தான் அழைப்பார்கள். ஆங்கிலத்தில் உள்ள மாஸ்டர் என்ற அதிகாரம் இதில் இல்லை. சொல்லிக்கொடுத்துக்கொண்டே கூடவே ஆடுகிறவர் என்ற பொருள் வந்துவிடுகிறது.

மூன்றாம் இதழின் ஒன்பதாம் பக்கத்தை ஏன் அனுப்ப மறுக்கிறீர்கள்?

இசக்கி விவகாரம். முழுதாகவே சொல்கிறேன்.

ஒன்பதாம் பக்கத்தில் "உள்ளூர் ஜந்துக்கள்" என்று ஒரு பட்டியல் போட்டோம். எங்கள் பக்கத்தில் கும்பிடும் கள்ளியங்காட்டு நீலி, மாடன், இசக்கி மூவருக்கும் உயிர்ப்புள்ளி, தாக்குதல், கொன்றால் கிடைக்கும் அனுபவப்புள்ளி என்று எழுதியிருந்தது. இசக்கிக்கு 45. எழுதியவன் அச்சுக்குப் போகும் முன் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து உரக்கப் படித்துப் பார்த்திருக்கிறான். உள்ளேயிருந்து அவன் ஆச்சி வெளியே வந்தாள்.

"என்னது, இசக்கிக்கு எத்தன?"

"நாப்பத்தஞ்சு ஆச்சி. சும்மா வெளையாட்டுக்கு."

"அவ உயிர எண்ணதுக்கு நீ யாருலே?"

அவன் இதை எங்களிடம் சொல்லவில்லை, இதழ் வந்துவிட்டது. ஆச்சிக்கு அது தெரிந்த மறுநாள் அவனோடு சேர்த்து எங்கள் மூன்று பேரையும் பஸ் ஏற்றி முப்பந்தல் கோயிலுக்குக் கூட்டிப் போனாள். போகும் வழியில் தோவாளையில் பூ வாங்கினாள். ஆரல்வாய்மொழிக் கணவாயின் காற்றில் கற்பூரம் நிற்கவில்லை, நாலு தடவை ஏற்ற வேண்டியிருந்தது. திட்டவில்லை. திரும்பும்போது பஸ்ஸில் எல்லோருக்கும் கடலை வாங்கித் தந்தாள்.

நாலாம் இதழின் கடிதப் பகுதி முழுக்க இதுதான். ஒரு கட்சி, "கதைதானே, இதில் என்ன" என்றது. இன்னொரு கட்சி, "வெளிநாட்டுக்காரன் செய்தால் சரியா?" என்றது. அதற்குக் காரணம் உண்டு. 1980-இல், டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸை வெளியிட்ட டி.எஸ்.ஆர். நிறுவனம் உலகத் தெய்வங்களைப் பட்டியல் போட்டு வெளியிட்ட புத்தகத்தில் இந்திரன், அக்னி, காளி எல்லோருக்கும் உயிர்ப்புள்ளி போட்டிருந்தார்கள். எங்களில் ஒருவன் அதன் சில பக்கங்களைப் பார்த்திருந்தான். அவர்கள் செய்தது அறியாமை என்றால் நாங்கள் செய்தது அறிந்தே செய்தது என்று தக்கலைக்காரர் எழுதினார். அதற்கு யாரிடமும் பதில் இல்லை.

ஐந்தாம் இதழில் புது விதி வந்தது: கொடை விழா நடக்கிற எந்தச் சாமிக்கும் புள்ளி கிடையாது. அப்படியானால் நீலியை என்ன செய்வது? அவளும் கும்பிடப்படுகிறவள். ஆனால் அவள் இல்லாமல் எங்கள் ஊரில் இரவு ஏது? கடைசியில் இப்படி முடிவானது. நீலி ஆட்டத்தில் வரலாம், அவளோடு சண்டை போட முடியாது, பேசத்தான் முடியும். பகடையும் கிடையாது. அண்ணாவி குரலைத் தாழ்த்தி, "சுண்ணாம்பு உண்டா?" என்று கேட்பார். கதை கேட்டு வளர்ந்த பிள்ளைகளுக்குச் சுண்ணாம்பைக் கையால் கொடுக்கக் கூடாது, கத்தி முனையில் நீட்ட வேண்டும் என்று தெரியும். தெரியாதவன் செத்தான். பதினோரு இதழிலும் நாங்கள் எழுதிய விதிகளில் இதைவிட நல்லது எதுவும் இல்லை. ஆனாலும் ஒன்பதாம் பக்கம் வெளியே போகாது, ஆச்சிக்கு வாக்குக் கொடுத்திருக்கிறேன்.

மாத்தூர் தொட்டிப்பாலம் வரைபடம் எந்த இதழில்?

ஏழாம் இதழ். அதிகம் பேர் கேட்பது இதைத்தான். திருவட்டாறு பக்கத்தில் பறளியாற்றின் மேலே தண்ணீரைக் கொண்டுபோகும் தொட்டிப்பாலம், 115 அடி உயரம், 28 தூண். பார்த்தவர்களுக்குத் தெரியும், கீழே எட்டிப் பார்த்தால் தென்னை மரங்கள் செடி மாதிரி இருக்கும். தொட்டிக்குள் தண்ணீர் ஓடும், ஓரமாக ஆட்கள் நடக்கலாம். கோடையில் தொட்டி வற்றினால் அதற்குள் ஒருவன் யாருக்கும் தெரியாமல் அக்கரைக்கு ஓடலாம். அவ்வளவுதான் சாகசம்: நகை திருடியவன் உள்ளே ஓடுகிறான், நீங்கள் மேலே துரத்துகிறீர்கள், மலையில் மழை பெய்துவிட்டது, தண்ணீர் வரப்போகிறது.

பிரச்சினை விழுந்தால் என்ன ஆகும் என்பதில். பத்தடிக்கு ஒரு ஆறுமுகப் பகடை சேதம் என்பது புத்தக விதி. 115 அடிக்குப் பதினோரு பகடை, சராசரி 38.5. முதல் நிலை வீரனின் உயிருக்கு உருட்டுவது ஒரே ஒரு எட்டுமுகப் பகடை. ஆக, விழுந்தால் பகடை எடுப்பதே வீண் என்று ஒருவர். தண்ணீரில் விழுந்தால் பாதி என்று இன்னொருவர். கோடையில் ஆற்றில் முழங்கால் தண்ணீர்தான் இருக்கும், நான் துணி துவைத்திருக்கிறேன் என்று திருவட்டாறு வாசகர் ஒருவர். அவர் சொன்னதுதான் விதி ஆனது.

வெளிநாட்டு இதழ்களைப் பார்த்துத்தான் செய்தீர்களா?

ஒன்றைக்கூடப் பார்த்ததில்லை. பிற்பாடு படித்துத் தெரிந்துகொண்டதுதான். டி.எஸ்.ஆர். 1975-இல் ஒரு செய்தி மடலில் ஆரம்பித்து, 1976 ஜூனில் டிராகன் இதழைக் கொண்டுவந்தது. அது 2007 வரை அச்சில் வந்தது. லண்டனில் 1977 ஜூனில் ஒயிட் ட்வார்ஃப். எல்லோருடைய ஆட்டங்களையும் பேசிய இதழ் அது, பிற்பாடு தன் கம்பெனியின் பொம்மைகளை மட்டும் பேசுகிற இதழாகச் சுருங்கிவிட்டது.

எனக்கு நெருக்கமாகத் தெரிவது இவை இரண்டும் அல்ல. 1975-இல் லாஸ் ஏஞ்சலஸில் லீ கோல்ட் என்ற பெண்மணி தொடங்கிய அலாரம்ஸ் அண்ட் எக்ஸ்கர்ஷன்ஸ். அதில் ஒவ்வொருவரும் தன் பக்கங்களைத் தானே எழுதி அனுப்புவார், எல்லாவற்றையும் ஒன்றாகக் கோத்து எல்லோருக்கும் அனுப்புவார்கள். அடுத்த இதழில் ஒருவர் எழுதியதற்கு மற்றவர் பதில். அதாவது இதழ் முழுக்கக் கடிதப் பகுதி! அப்படி ஒன்று இருக்கிறது என்று அன்றே தெரிந்திருந்தால் சிறுகதைகளை எழுதி நேரத்தை வீணாக்கியிருக்க மாட்டோம்.

பெண்கள் ஆடினார்களா?

ஞாயிற்றுக்கிழமை வடிவீஸ்வரத்து மொட்டை மாடியில் பையன்களோடு உட்கார்ந்து ஆட எந்த வீட்டிலும் விட்டிருக்க மாட்டார்கள். நாங்களும் கேட்டுப் பார்க்கவில்லை, அது எங்கள் தப்பு. ஆனால் ஒரு நண்பனின் அக்கா இதழை முழுதாகப் படித்துவிட்டு, ஆறாம் இதழிலிருந்து பொறிகள் பகுதியை எழுதினாள். ஆட்டத்தில் ஒரு தடவைகூட உட்காராதவள். அரிசிப் பானைக்குள் சாவி, கிணற்றுக் கயிற்றில் எடை தாங்காத ஒரு முடிச்சு, உரலுக்கு அடியில் படி. அவள் வைத்த பொறிகளில்தான் அதிகம் பேர் செத்தார்கள். பெயரின் முதல் எழுத்து மட்டும் போடச் சொன்னாள், அதனால் வெளியூர் வாசகர்கள் கடைசிவரை "சார்" என்றே எழுதிக்கொண்டிருந்தார்கள்.

தபால் ஆட்டம் என்று கடைசிப் பக்கங்களில் வருவது என்ன?

நேரில் வர முடியாதவர்களுக்காக. குளச்சல், மார்த்தாண்டம், அப்புறம் வேலைக்கு வெளியூர் போனவர்கள். இதழில் நிலைமையை அச்சிடுவோம். அவர்கள் 15 பைசா கார்டில் என்ன செய்கிறார்கள் என்று எழுதுவார்கள். அண்ணாவி பகடை உருட்டி அடுத்த இதழில் நடந்ததை எழுதுவார். ஒரு கதவைத் திறக்க நாலு மாதம் ஆகும். நேரில் ஆடியதைவிட இதில்தான் ஆட்கள் யோசித்து ஆடினார்கள் என்பது என் கட்சி. கார்டில் இடம் குறைவு, அதனால் வெட்டிப் பேச்சு இல்லை.

உதயகிரிக் கோட்டைதான் களம். 1741-இல் குளச்சல் போரில் மார்த்தாண்ட வர்மாவிடம் பிடிபட்ட, டச்சுப் படையைச் சேர்ந்த டிலனாய், பிறகு அவருக்கே படைத்தளபதி ஆனவர், அந்தக் கோட்டைக்குள் அடக்கமாகியிருக்கிறார். கல்லறையில் லத்தீனிலும் தமிழிலும் எழுத்து உண்டு. ஒரு புதிர் செய்ய இதைவிட என்ன வேண்டும்? கோட்டைக்கு அடியில் சுரங்கத்தை மட்டும் நாங்கள் தோண்டிக்கொண்டோம்.

ஏன் நின்றது?

பிளஸ் டூ முடிந்தது. சென்னை, கோயம்புத்தூர், கல்ஃப். சண்டை எதுவும் இல்லை.

எத்தனை பிரதி மிச்சம்? பழைய இதழ் எங்கள் வீட்டில் கிடந்தால் என்ன செய்வது?

என்னிடம் முழுதாக இருப்பது ஏழு இதழ்கள். பெட்டி மச்சில் இருந்தது. 2017 நவம்பர் 30-ஆம் தேதி ஒக்கிப் புயலில் ஓடு பறந்து, தண்ணீர் நேராக அதன் மேல் இறங்கியது. அன்றைக்கு ஊர் முழுக்க வாழையும் ரப்பரும் சாய்ந்து கிடந்தன, நாள் கணக்கில் கரண்ட் இல்லை, இதழைப் பற்றி யாருக்கு நினைப்பு? ஒரு வாரம் கழித்துத் திறந்தால் ஜெராக்ஸ் மை பக்கத்துக்குப் பக்கம் ஒட்டிக்கொண்டிருந்தது. எட்டாம் இதழும் பத்தாம் இதழும் எங்கும் இல்லை.

உங்கள் வீட்டில் கிடைத்தால் பக்கங்களைப் பிரிக்க முயற்சி செய்யாதீர்கள். துருப்பிடித்த பின்னை மட்டும் பின்பக்கமிருந்து நிமிர்த்தி எடுத்துவிட்டு, நிழலில் வைத்து, போனில் படம் எடுத்து அனுப்பினால் போதும்.

மறுபதிப்பு போடலாமே?

போடலாம், ரெண்டு தடை. ஒன்று, எழுதியவர்களின் அனுமதி வேண்டும். இந்தியச் சட்டப்படி எழுதியவர் காலத்துக்குப் பிறகும் 60 ஆண்டுகள் உரிமை அவர் குடும்பத்துக்கு. இரண்டு பேரைக் கண்டுபிடிக்கவே முடியவில்லை. இரண்டாவது, முதல் இரண்டு இதழ்களில் சிவப்புப் பெட்டிப் புத்தகத்தை வரிக்கு வரி தமிழாக்கிப் போட்டிருக்கிறோம். ஆடும் முறை யாருக்கும் சொந்தமில்லை என்றாலும் எழுதிய வாசகம் அவர்களுடையது. 2000-இல் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸின் அடிப்படை விதிகள் திறந்த உரிமத்தில் வந்தன. 2023 ஜனவரியில் ஐந்தாம் பதிப்பின் அடிப்படை விதித் தொகுப்பைக் கிரியேட்டிவ் காமன்ஸில் விட்டார்கள், ஆசிரியரைக் குறிப்பிட்டால் யாரும் மொழிபெயர்க்கலாம். தமிழில் செய்ய நினைப்பவர்கள் அதிலிருந்து தொடங்குங்கள், எங்கள் மொழிபெயர்ப்பிலிருந்து வேண்டாம். அது தப்புருட்டு.

இன்று புதிதாக ஆட என்ன வேண்டும்?

மூன்று பேர், ஒரு தாயக்கட்டை, ஒரு மத்தியானம். பகடை இப்போது ஆன்லைனில் வாங்கலாம். வீட்டில் பழம்பொரி போட்டால் எண்ணெய்க் கையோடு பாத்திர விவரம் எழுதிய ஷீட்டைத் தொடாதீர்கள், எங்கள் நாலாம் இதழின் மூலப் பிரதியில் அந்தக் கறை இன்னும் இருக்கிறது.

உதயகிரி ஆட்டம் எப்படி முடிந்தது? பதினோராம் இதழில் "தொடரும்" என்றுதான் இருக்கிறது.

கடைசியாக உயிரோடு இருந்தது குளச்சல்காரனின் பாத்திரம் மட்டும். சுரங்கத்தின் முடிவில் ஒரு இரும்புக் கதவு. அவன் எழுதிய கார்டு என்னிடம் இருக்கிறது: "விளக்கு இடது கையில். தோளால் கதவைத் தள்ளுகிறேன்." பன்னிரண்டாம் இதழ் வரவில்லை. அவன் மஸ்கட் போய்விட்டான்.

போன கிறிஸ்துமஸுக்கு ஊருக்கு வந்தபோது வீட்டுக்கு வந்தான். காப்பி குடித்துவிட்டு, "எடே, அந்தக் கதவு தொறந்துதா?" என்றான். அண்ணாவியின் பழைய நோட்டு என்னிடம்தான் இருக்கிறது. எடுத்துப் பார்த்தேன். ரெண்டு பகடை உருட்டி ஒன்பதோ அதற்கு மேலோ வந்தால் திறக்கும் என்று எழுதியிருந்தது. உள்ளே என்ன இருக்கிறது என்றும் எழுதியிருந்தது. "படிக்காத, நான் உருட்டுதேன்" என்று தடுத்துவிட்டான். லூடோ பகடையைத் தேடினோம், கிடைக்கவில்லை. அம்மாவின் தாயக்கட்டையை எடுத்துக் கொடுத்தேன். கையில் தேய்த்து, தரையில் விட்டான். ரெண்டு கட்டையிலும் வெறும் பக்கம்.

எங்கள் விதிப்படி வெறும் பக்கம் நாலு, ஆக எட்டு. கதவு திறக்காது. எங்கள் வீட்டுத் தாயத்தில் அதுவே பன்னிரண்டு. "எட்டுக்கு மேல வராத கட்டையக் கையில குடுத்துட்டு ஒம்பது கேட்டா அது என்ன நியாயம்?" என்கிறான். நான் முதல் இதழின் மூன்றாம் பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பியிருக்கிறேன். தக்கலைக்காரரிடம் கேட்போம் என்று முடிவாகியிருக்கிறது. அவர் இன்னும் பதில் போடவில்லை, எண்ணிக்கொண்டிருப்பார்.